கொழுந்து வாடும் காற்று

திம்புள்ளப் பகுதியில் வீடுகளுக்குக் குளிர்சாதனப் பொறி வேண்டுவதில்லை. ஹற்றன் தொடக்கம் தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனை வரை பரந்து கிடக்கும் இம்மலைச் சரிவுகள் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீற்றர் முதல் 1,600 மீற்றருக்கு மேலும் உயர்ந்து நிற்பவை. தை மாதத்து இரவுகளிலே கம்பளியின்றி உறங்குதல் அரிது. கொழும்பிலே சுவரில் ஒரு கூறும் வெளியே மறு கூறுமாகப் பொருத்தப்பெற்றிருக்கும் பொறியைக் கண்டு திரும்பும் இளைஞர், நம் ஊருக்கு இஃது எதற்கு என்று நகைப்பதும் இயல்பே. ஆயினும், காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் அளந்து அதனை வேண்டிய பதத்துக்குக் கொண்டுவரும் தொழில், இம்மலைகளிலே பல தலைமுறைகளாக இரவுதோறும் நடைபெற்று வருகின்றது. அது மனிதரின் சுகத்துக்காக அன்று, கொழுந்துக்காக.

இதில் வியப்பதற்கும் அதிகமில்லை. இன்று வீடுகளிலும் மருத்துவமனைகளிலும் காணப்படும் குளிர்சாதனத்தின் பிறப்பே ஒரு சரக்கின் பொருட்டு நிகழ்ந்தது. 1902ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரின் புரூக்லின் பகுதியில் இருந்த அச்சகம் ஒன்றில், கோடைகாலத்து ஈரக் காற்றினால் தாள்கள் விரிவதும் சுருங்குவதுமாக இருந்தன. ஒரு நிறத்தின்மேல் மறு நிறம் பொருந்தாது விலகி விழுந்தது. அக்குறையை நீக்குமாறு பணிக்கப்பட்ட வில்லிஸ் கரியர் என்னும் இளம் பொறியியலாளர், காற்றைக் குளிர்ந்த குழாய்களின்மேற் செலுத்தி அதன் ஈரத்தைக் கட்டுப்படுத்தினார். முதலிற் பதம் பெற்றது தாள். மனிதன் பின்னரே குளிர்ந்தான்.

தேயிலைத் தொழிற்சாலையில் காற்று செய்ய வேண்டிய பணி யாது? பறித்த கொழுந்தின் எடையில் நூற்றுக்கு 75 முதல் 80 பங்கு வரை நீரே ஆகும். அதனை அப்படியே உருட்டு இயந்திரத்தில் இட்டால் இலை முறுக்கேறாது, நொறுங்கிச் சிதறும், சாறும் நீரோடு ஓடிவிடும். ஆகவே முதலில் அதனை வாட்டுதல் வேண்டும். நூறு கிலோ கொழுந்து ஏறத்தாழ ஐம்பது கிலோவாகக் குறையும் வரை நீரைப் போக்குவது திம்புள்ளத் தொழிற்சாலைகளிற் பெரும்பாலும் காணும் வழக்கம். பத்தாயிரம் கிலோ கொழுந்து வந்திறங்கும் நாளிலே, ஐயாயிரம் லீற்றர் நீரை ஓர் இரவுக்குள் ஓசையின்றிச் சுமந்து வெளியேற்ற வேண்டிய பொறுப்புக் காற்றினுடையது. அடுப்பில் வைத்து இதனைச் செய்யலாகாது. இலை உயிரோடிருக்க வேண்டும். ஆனால் மெல்ல மெல்லத் தளர வேண்டும்.

இப்பணி தவறினால் இழப்பு யாருக்கு என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். பல தோட்டங்களில் ஒரு பெண் தொழிலாளி நாளொன்றுக்குப் பறித்துத் தரவேண்டிய கொழுந்து பதினெட்டுக் கிலோவை அண்டியதாக உள்ளது. அட்டைக் கடியையும் பனியையும் சரிவையும் தாங்கிப் பறித்த அப்பதினெட்டுக் கிலோ, உலர்ந்த தேயிலையாகும்போது நான்கு கிலோ அளவே நிற்கும். அந்த நான்கு கிலோவின் மணமும் நிறமும் விலையும், அவள் லயத்துக்குத் திரும்பி உறங்கும் இரவிலே, அவள் காணாத மாடியில் தீர்மானிக்கப்படுகின்றன. காற்று பிழைத்தால் பின்னர் எந்த இயந்திரமும் அதனைத் திருத்த இயலாது.

முற்காலத்துத் தொழிற்சாலைகளுக்கு நான்கு ஐந்து மாடிகள் இருந்ததன் காரணமும் இதுவே. மேல்மாடிகளிலே சாக்குத்துணியை அடுக்கடுக்காக இழுத்துக் கட்டி, அதன்மேற் கொழுந்தை மெல்லிய படையாகத் தூவுவர். வரிசை வரிசையாக அமைந்த சன்னல்களைத் திறந்தும் மூடியும், கீழேயிருந்து உலர்த்தும் அடுப்பின் வெங்காற்றைப் பெரும் விசிறிகளால் இழுத்தும் வாட்டினர். பின்னர் வாட்டுத் தொட்டிகள் வந்தன. நீண்ட தொட்டியின் இடையே கம்பி வலையோ நைலோன் வலையோ விரிக்கப்படும். அதன்மேல் ஒரு சாணுக்குக் குறையாத கனத்திற் கொழுந்து பரப்பப்படும். ஒரு முனையிலுள்ள விசிறி வலைக்குக் கீழே காற்றைச் செலுத்த, அக்காற்று இலைப் படையை ஊடுருவி மேலெழும். அடுக்குமாடிகளின் தேவை அத்துடன் குறைந்தது. நுவரெலியாவை அடுத்த கந்தப்பளையில், ஹெதர்செற் தோட்டத்துப் பழைய தொழிற்சாலை 1990களிலே தங்குவிடுதியாக மாற்றப்பட்டபோது, கொழுந்து வாடிய மாடிகளே விருந்தினர் உறங்கும் அறைகளாயின. ஒரு காலத்தில் இலைக்கு அளித்த காற்றோட்டத்தை இன்று மனிதர் விலைகொடுத்து அனுபவிக்கின்றனர்.

இனி, குறைகளைப் பற்றிக் கூறலாம். கொழுந்து வாடவில்லை என்றதும் விசிறியைக் குறைகூறுவது பலருக்கும் வழக்கம். அனுபவமிக்க தொழிற்சாலை அதிகாரி, தோட்ட வழக்கிற் கூறுவதானால் டீமேக்கர், முதலில் விசிறியின் பக்கம் செல்லமாட்டார். சுவரில் இணையாகத் தொங்கும் இரண்டு வெப்பமானிகளிடமே செல்வார். ஒன்று உலர்ந்த குமிழுடையது. மற்றதன் குமிழை நனைந்த துணித்திரி சுற்றியிருக்கும். திரியிலிருந்து நீர் ஆவியாகும்போது அக்குமிழ் குளிரும். காற்று எவ்வளவு வரண்டதோ அவ்வளவுக்கு இரண்டின் அளவுகளும் வேறுபடும். காற்று தனக்குள் இன்னும் எவ்வளவு ஈரத்தை ஏற்கும் என்பதை இவ்வேறுபாடே உரைக்கும். வாட்டுவதற்கு இது 3 முதல் 5 பாகை செல்சியஸ் வரை இருப்பது நன்று. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேல் பருவக்காற்று திம்புள்ளயை மூடி மழையும் மூடுபனியுமாக நிற்கும்போது, வேறுபாடு ஒரு பாகைக்கும் குறையும். அத்தகைய காற்றை எவ்வளவு வேகமாகச் செலுத்தினும் பயனில்லை. நனைந்த துணியால் நனைந்த தரையைத் துடைப்பது போன்றதே அது. அப்போது வெங்காற்றைக் கலந்து, புறக்காற்றைச் சிறிது சூடேற்றுதல் வேண்டும். சூடேறிய காற்று மிகுதியான ஈரத்தை ஏற்கும்.

இங்கேதான் ஒரு நுட்பமான தவறு நேர்கின்றது. நள்ளிரவில் காவலுக்கு நிற்கும் தொழிலாளி வந்து, "ஐயா, ரெண்டு கண்ணாடியும் ஒண்ணாத்தான் காட்டுதுங்க, காத்து ஒரே ஈரம்" என்பார். அனுபவமில்லாதவராயின் உடனே வெங்காற்றுக் கதவை அகலத் திறக்கச் சொல்வார். அனுபவமுள்ளவரோ, "திரியில தண்ணி இருக்கா, அத மொதல்ல பாருப்பா" என்பார். கிண்ணத்தில் நீர் வற்றித் திரி காய்ந்துவிட்டால், ஈரக் குமிழும் உலர் குமிழைப் போன்றே காட்டும். காற்று வரண்டிருக்கும்போதும் வேறுபாடு இல்லாதது போலத் தோன்றும். அதனை நம்பி மேலும் சூடேற்றினால் அடிப்படையிலுள்ள இலை கருகி விளிம்பு சிவக்கும். மேற்படை பச்சையாகவே கிடக்கும். அழுக்கேறித் தடித்த திரியும் இவ்வாறே பொய் கூறும். ஒரு முழம் பருத்தித் துணியும் ஒரு கிண்ணம் தூய நீரும் ஓர் இரவுக் கொழுந்தைக் காக்கும் என்றால் நம்புவதற்கு அரிதாக இருக்கலாம், உண்மை அதுவே. சூடேற்றிய காற்றும் 35 பாகையைத் தாண்டலாகாது.

வெப்பமானிகள் மெய்யே கூறுகின்றன, ஆயினும் கொழுந்து ஓரிடம் வாடியும் ஓரிடம் வாடாமலும் கிடக்கின்றது எனின், காற்றின் வழியை ஆராய வேண்டும். காற்று சோம்பலுடையது; எங்கே தடை குறைவோ அங்கேயே செல்லும். கூடையிலும் சாக்கிலும் அமுக்கப்பட்டு வந்த கொழுந்தைக் கட்டியாகவே தொட்டியிற் கொட்டிவிட்டால், கட்டிகளைச் சுற்றி ஓடுமேயன்றி அவற்றுக்குள் நுழையாது. கட்டியை உதறி, கை விரல்களால் அலசி, ஒரே கனத்தில் பரப்புவதே அதற்கு மருந்து. தொட்டியின் ஓரப் பலகையில் வெடிப்பு, விசிறிக்கும் தொட்டிக்கும் இடையிலுள்ள கித்தானில் கிழிசல், சரியாக மூடாத கதவு, இலைத் துணுக்குகள் அடைத்த வலைக்கண் ஆகிய ஒவ்வொன்றும் காற்றைத் திருடும். விளக்கை அணைத்துவிட்டுத் தொட்டியின் கீழறைக்குள் ஒருவரை விளக்கோடு அனுப்பினால், வெளியே ஒளி கசியும் இடமெல்லாம் காற்றுக் கசியும் இடமென்று கண்டுகொள்ளலாம். உள்ளே ஆள் இருக்கையில் விசிறியை எவரும் முடுக்கிவிடாதபடி மின்னாளியை நிறுத்திப் பூட்டிய பின்னரே இதனைச் செய்ய வேண்டும் என்பதை மறக்கலாகாது.

விசிறியின் முறை இதற்குப் பின்னரே வரும். அதன் அலகுகளில் தூசியும் தேயிலைப் பஞ்சும் ஒட்டியிருத்தல் பெருங்குறை. மோட்டாரைக் கழற்றிப் பழுதுபார்த்து மீண்டும் பூட்டும்போது மின்கம்பிகள் இரண்டு இடம் மாறிவிட்டால், விசிறி எதிர்த்திசையிற் சுழலும். ஓசையும் சுழற்சியும் வழக்கம் போலவே இருக்க, காற்று மட்டும் மேலெழாது கீழிழுக்கப்படும். ஒரு தாளை இலைமேற் பிடித்துப் பார்த்தாலே இஃது விளங்கிவிடும்.

கொழும்பு வீட்டுச் சுவரில் தொங்கும் பொறிக்கும் இந்த ஒழுங்கே பொருந்தும் என்பதை ஈண்டுக் குறிப்பிடலாம். அறை குளிரவில்லை என்றதும் "வாயு முடிந்துவிட்டது" என்று கூறி அதனை நிரப்ப முனைவோர் பலர். அவ்வாயு மூடிய குழாய்களுக்குள்ளேயே சுற்றி வருவது. எரிபொருளைப் போலச் செலவாகி முடிவதன்று. குறைந்திருப்பின் எங்கோ கசிவு உண்டென்பதே பொருள். கசிவை அடைக்காது நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதாகும். ஆனால் அதற்கு முன்னரே பார்க்கத் தக்கது உட்கூறின் தூசி வடி. அது அடைபட்டால் காற்றோட்டம் தளர்ந்து, குளிர்ந்த குழாயின்மேற் பனி உறையும். உருகும் போது அறைக்குள்ளே நீர் சொட்டும். காற்றிலிருந்து பிரிந்த ஈரம் வடிந்தோடும் சிறு குழாயிற் பாசி அடைத்தாலும் நீர் உள்ளேயே வீழும். வெளிக்கூற்றின் முன்னே பெட்டிகளை அடுக்கி அதன் மூச்சை அடைத்துவிட்டுப் பொறி பழுதென்று முறையிடுவோரும் இல்லாமலில்லை. வடியைக் கழற்றிக் கழுவுதல் வீட்டார் செய்யத்தக்கது. வாயுவும் மின்னிணைப்பும் பயிற்சி பெற்றவரின் பொறுப்பு.

மீண்டும் கொழுந்துக்கு வருவோமாயின், மிகையான நன்மையும் ஒரு குறையாகும் விந்தையைக் காணலாம். தை முதல் பங்குனி வரை திம்புள்ளச் சரிவுகளில் வரண்ட குளிர்காற்று வீசும். மேற்குச் சரிவின் மணமிக்க தேயிலை கிடைக்கும் பருவம் அதுவே. கொழும்பு ஏலத்தில் அதனைச் சுவைத்துப் பார்ப்போர் ஆவலோடு காத்திருப்பர். இக்காலத்தில் காற்று தானாகவே வரண்டிருப்பதால், விசிறியை ஓட்டிக்கொண்டேயிருந்தால் சில மணிநேரத்திலேயே நீர் வேண்டிய அளவு குறைந்துவிடும். வேலை விரைவில் முடிந்ததென மகிழ்வது பிழை. வாட்டுதல் என்பது நீர் போவது மட்டுமன்று. பறித்த பின்னரும் இலை மூச்சுவிடுகின்றது; அதனுள்ளே புரதங்கள் சிதைந்து அமினோ அமிலங்களாகின்றன; உயிரணுக்களின் சுவர்கள் தளர்கின்றன. மணத்துக்கு அடிகோலும் இம்மாற்றங்களுக்கு நேரம் தேவை. ஆகவே பன்னிரண்டு மணிநேரமும் அதற்கு மேலும் பொறுத்திருப்பர். காற்று அவசரப்படும் நாளில் விசிறியை நிறுத்தி நிறுத்தி ஓட்டுவதே அறிவுடைமை.

மூச்சுவிடும் இலை வெப்பத்தையும் வெளிவிடும். மலையிலேயே சாக்கில் அடைபட்டு வெயிலிற் கிடந்த கொழுந்து, தொழிற்சாலையை அடையும் முன்னரே உள்ளே வெந்து சிவந்திருக்கும். அதனைத் தொட்டியின் குறையென்று தொட்டிக்காரர்மேற் சுமத்துதல் நியாயமன்று. அத்தகைய கொழுந்து வந்ததும், வெங்காற்றை எண்ணாது, முதலிற் குளிர்ந்த புறக்காற்றைச் செலுத்தி அதன் சூட்டைத் தணிக்க வேண்டும்.

காற்றே நின்றுபோன நாட்களும் உண்டு. 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில், நாடெங்கும் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை நீண்டது. மின்பிறப்பாக்கிக்கு வேண்டிய டீசலும் எளிதிற் கிடைக்கவில்லை. மகாவலியின் கிளையாறுகளும் களனியின் ஊற்றுகளும் பிறந்து, காசல்ரீயும் மேல் கொத்மலையும் மின்சாரம் தரும் மலைகளிலேயே இந்நிலை. விசிறி நின்றுவிட்டால் செய்யத்தக்கது ஒன்றே: படையின் கனத்தைக் குறைத்து, கிடைக்கும் தரையெங்கும் பரப்பி, கையாற் புரட்டிவிட்டு, எல்லாச் சன்னல்களையும் திறத்தல். பாட்டன்மார் சாக்குத்துணியில் செய்த வேலையே அது.

வாட்டிய இலை உருட்டப்பட்டபின் செல்லும் நொதிக்கும் அறையிலோ எல்லாம் தலைகீழாகும். மேலே வரண்ட காற்றுக்கு ஏங்கியவர்கள் இங்கே ஈரக் காற்றுக்கு ஏங்குவர். ஒட்சிசனோடு கலந்து செம்பு நிறம் கொள்ளும் இலை, மேற்பரப்புக் காய்ந்தால் கறுத்து மங்கிவிடும். ஆகையால் நீரைப் புகைபோலச் சிதறும் கருவி வைத்து, இரண்டு வெப்பமானிகளின் வேறுபாடு ஓரிரு பாகையைத் தாண்டாதபடி பார்ப்பர். அக்கருவியின் துளை அடைபடுதலும், நீர்த்தொட்டி அழுக்காகிப் புளிப்பு நாற்றம் இலையிற் பற்றுதலும் இங்கே வரும் குறைகள். இரண்டிற்கும் நாள்தோறும் கழுவுதலே தீர்வு. தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் அமைந்துள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம், 1925ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற நாள் தொட்டு வாட்டுதல் முதலாய பக்குவங்களை ஆராய்ந்து அளவுகளை வகுத்து வந்துள்ளது.

எனினும் இறுதித் தீர்ப்பு அளவுகோலிடம் இல்லை. விடியலுக்கு முன் டீமேக்கர் தொட்டிதோறும் கைநிறையக் கொழுந்தை அள்ளி இறுகப் பிடிப்பார். சலசலப்புக் கேட்டால் இன்னும் வாடவில்லை. பட்டுத்துணி போல ஒடுங்கி, கை விரித்ததும் மெல்ல மெல்ல விரிந்தால், காம்பு முறியாது வளைந்தால், பதம் வந்துவிட்டது. அவர் தலையசைக்கின்றார். விசிறிகள் ஒவ்வொன்றாக ஓய்கின்றன. கொழுந்து கீழே உருட்டு இயந்திரத்துக்கு இறங்குகின்றது. லயங்களில் அப்போதுதான் அடுப்புப் புகை எழத் தொடங்குகின்றது.