துணிக்குழாயில் உயிர் பிடிக்குமா?



காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபட்டால் காலையே வெட்டும்படியான நிலைமை வருகிறது. இதைத் தடுக்க டாக்டர்கள் செயற்கைத் துணியாலும் பிளாஸ்டிக்காலும் குழாய் செய்து உள்ளே வைத்துத் தைக்கிறார்கள். பெரிய குழாயானால் பல வருஷம் உழைக்கிறது. 6 மில்லிமீட்டருக்குக் குறைந்ததானால் இரத்தம் உறைந்து சீக்கிரம் அடைத்துக்கொள்கிறது. ஏன்? நமது சொந்தக் குழாயின் உட்புறத்தில் தளம் பாவினதுபோல் ஒரே அடுக்காய் உயிரணுக்கள் பரவியிருக்கின்றன. இரத்தத்தை உறையவிடாமல் காப்பவை அவையே. துணிக்கு அந்த உள்தோல் ஏது?

அப்படியானால் அவ்வணுக்களைத் துணியின் மேலேயே பயிரிட்டால் என்ன? கேட்பது சுலபம்தான். ஆனால் முதலில் அவற்றை உடம்புக்கு வெளியே உயிரோடு வளர்க்க வேண்டுமே! 1973-ல் நியூயார்க்கில் எரிக் ஜாஃபே என்பவரும் அவரது கூட்டாளிகளும் வளர்த்துக் காட்டினார்கள். அணுக்களை எங்கிருந்து எடுத்தார்கள் தெரியுமா? தொப்புள் கொடியிலிருந்து! தீட்டு என்று நாம் குழிதோண்டிப் புதைக்கிறோமே, அதே வஸ்துதான்.

மயிரிழை போன்ற நுண்குழாய்களின் அணுக்களோ இன்னும் பிடிவாதமானவை. பாஸ்டனில் ஜூடா ஃபோக்மன் என்ற டாக்டரின் கூட்டத்தார் 1979-ல் தட்டில் ஜெலட்டின் பூசி, புற்றுக்கட்டியின் அணுக்கள் வளர்ந்த திரவத்தை ஊற்றி, மாதக்கணக்கில் அவற்றை வளர்த்தார்கள். கட்டியின் திரவம் எதற்கு என்கிறீர்களா? கட்டி தனக்கு இரத்தம் வேண்டி, குழாய்களைத் தன்பக்கம் இழுக்கிறது என்று 1971-லேயே ஃபோக்மன் எழுதினார். அன்று நம்பாதவர்களே அதிகம். அப்படி இழுப்பவை சில புரதங்கள். வளர்ச்சிக் காரணிகள் என்று பெயர். 1980-களில் அவற்றைத் தனியே பிரித்தெடுத்தார்கள்.

பிறகு சிகாகோவில் கிரெய்ஸ்லர் என்பவர், இரத்தம் உறையும்போது உண்டாகும் ஃபைப்ரின் என்னும் பசையில் இப்படிப்பட்ட புரதத்தைக் கலந்து, செயற்கைக் குழாயில் பூசி நாய்களுக்கு வைத்துப் பார்த்தார். உள்தோல் விரைவாகப் படர்ந்தது. ஆனால் இதில் ஒரு சங்கடமுண்டு. அதே புரதம் குழாய்ச் சுவரின் தசையணுக்களையும் கிளப்பிவிடும். அவை மிதமிஞ்சித் தடித்தால் குழாய் மறுபடியும் அடைபடும். உரம் பயிருக்குப் போட்டாலும் களையும் சேர்ந்துதானே தின்கிறது!

வியன்னாவில் ஸில்லா என்பவரும் கூட்டாளிகளும் வேறு வழியில் போனார்கள். நோயாளியின் சொந்த அணுக்களையே எடுத்துப் பெருக்கி, ஃபைப்ரின் பூசின குழாயில் படரவிட்டு, 1989 முதல் மனிதருக்கே வைத்தார்கள். வெறும் குழாயைவிட அது நன்றாய் உழைத்தது. ஆனால் அணுக்கள் பெருக வாரக்கணக்கில் ஆகிறது. கால் கறுத்துப்போய் வருகிறவன் அத்தனை நாள் பொறுப்பானா? ஆகையால் இன்றைக்கும் டாக்டர்கள் முதலில் தேடுவது அவன் காலிலேயே நல்ல நரம்பு ஒன்று மிச்சமிருக்கிறதா என்பதைத்தான்.