புறப்படும் வாரத்தில் ஒரு சாயங்காலம்



மலேசியாவின் கெடா மாநிலத்தில், ஜெராய் மலையடிவாரத்தில், செமிலிங்கில், எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதை மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) கட்சியின் கல்விப் பிரிவான எம்.ஐ.இ.டி. 2001-இல் தொடங்கியது. இன்னும் வடக்கே, தாய்லாந்து எல்லைக்குக் கிட்டத்தில் உள்ள சிந்தோக்கில், 1984-இல் தொடங்கிய உத்தாரா மலேசியா பல்கலைக்கழகம் இருக்கிறது. வெளிநாடுகளிலிருந்து நம் கெடாவுக்குப் படிக்க வருகிறவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இலங்கைப் பிள்ளைகளும் உண்டு. படிப்பை முடித்து ஊருக்குப் புறப்படப்போகிற அந்தப் பிள்ளைகளின் கடைசி வாரத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அந்த வாரத்தில் ஒரே ஒரு சாயங்காலத்தை அவர்களிடம் கேட்டு வாங்கவும் போகிறேன்.

அந்த வாரம் எப்படிப் போகும் என்று சுங்கைப்பட்டாணியிலும் பீடோங்கிலும் வீட்டை வாடகைக்கு விட்டவர்களுக்குத் தெரியும். கடப்பிதழைப் பல்கலைக்கழக அலுவலகத்தில் கொடுத்திருப்பார்கள். மாணவர் அனுமதியை முறையாக முடித்து, குடிநுழைவுத் துறையிலிருந்து கடப்பிதழ் திரும்பி வரவேண்டும். நூலகம், விடுதி, கணக்குப் பிரிவு என்று ஒவ்வொரு மேசையிலும் கையெழுத்து. வீட்டு முன்பணத்தில் எவ்வளவு பிடிப்பார்களோ என்ற கவலை. பழைய மோட்டார் சைக்கிளை இளைய மாணவர் ஒருவர் தலையில் கட்டவேண்டும், சோறு வடிக்கும் மின்சாரச் சட்டியை இன்னொருவருக்குக் கொடுத்துவிட வேண்டும். பெட்டியை நிறுத்துப் பார்த்தால் எடை கூடியிருக்கும். அம்மாவுக்கு வாங்கிய மைலோ டின்னை எடுப்பதா, பாடப்புத்தகத்தை எடுப்பதா?

மருத்துவம் படித்த பிள்ளை என்றால் மனத்தில் இன்னொரு பாரமும் இருக்கும். வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்த இந்தியர் ஊரில் மருத்துவராகப் பதிவு செய்ய எஃப்.எம்.ஜி.இ. தேர்வில் தேறவேண்டும். 300 கேள்விகளில் 150 சரியாக வரவேண்டும். ஒவ்வொரு தடவையும் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் தேறுவதில்லை. இலங்கைப் பிள்ளைக்கும் அங்கே தனித் தேர்வு காத்திருக்கிறது. சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனை வார்டில் பாட்டிமார்கள் "டாக்டர் அம்மா" என்று கூப்பிட்டுப் பழகிய பிள்ளை, ஊரில் இறங்கியதும் மறுபடி தேர்வு எழுதுகிறவளாகத்தான் நிற்கப்போகிறாள். அந்தப் பாரத்தோடு இருப்பவளிடம் ஒரு சாயங்காலம் கேட்பது அதிகம்தான். தெரிந்தேதான் கேட்கிறேன்.

இந்தப் பிள்ளைகள் இங்கே வந்த புதிதில் என்ன நடந்திருக்கும்? கோயில் திருவிழாவிலோ, பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் முறுக்கு விற்கும் அக்காவிடமோ, மருத்துவமனையிலோ நம்மவர் ஒருவர் பேச்சைக் கேட்டிருப்பார். "நீங்க ஊருக்காரவங்களா? ஊருல எந்தப் பக்கம்?" என்று விசாரித்திருப்பார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளை ஒரு வீட்டில் உட்கார்ந்து கோழிக் குழம்பும் சோறும் சாப்பிட்டிருக்கும். தீபாவளிக்கு அங்கேதான் பலகாரம். காய்ச்சல் வந்தால் கஞ்சி அங்கிருந்து வரும். இப்படிப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்ட வீடுகள் பீடோங்கில் உண்டு, குருணில் உண்டு, பாடாங் செராயில் உண்டு.

"ஊருல எந்தப் பக்கம்?" என்று கேட்ட அந்த அண்ணனோ ஆயாவோ, பதிலுக்குத் தன் ஊரையும் சொல்லியிருப்பார். "எங்க தாத்தா சேலம் ஜில்லான்னு சொல்லுவாங்க." அதற்கு மேல் பல வீடுகளில் தெரியாது. அந்த வாக்கியத்தை அந்தப் பிள்ளை முழுசாகக் கேட்டு எழுதிக்கொண்டு போய், ஊரைத் தேடிப் பார்க்கத்தான் எனக்கு அந்தச் சாயங்காலம் வேண்டும்.

ஏன் தெரியாமல் போயிற்று என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும்.

நம் தாத்தாக்கள் ஆவடி முகாமிலும் நாகப்பட்டினம் முகாமிலும் தங்கி, கப்பலேறி, பினாங்கு பக்கத்தில் ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்புக்காக நிறுத்திவைக்கப்பட்டு, பிறகு கங்காணி பின்னால் நடந்து கெடா ரப்பர் தோட்டங்களுக்கு வந்தார்கள். வந்தவர் எவரும் இங்கேயே இருக்கவேண்டும் என்று வரவில்லை. மூன்று வருஷம் பால் வெட்டி, நாலு காசு சேர்த்து, ஊரில் கடனை அடைத்து, ஒரு காணி நிலம் வாங்கலாம் என்றுதான் வந்தார்கள். பலர் அப்படியே போனார்கள், மறுபடி வந்தார்கள். 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தபோது பல்லாயிரம் பேர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1938-இல் தொழிலாளரைச் செலவு கொடுத்து அழைத்துப்போவதற்கு இந்திய அரசு தடை போட்டது. பின் ஜப்பான்காரன் வந்தான். சயாம் ரயில் பாதை போடத் தோட்டங்களிலிருந்து பிடித்துப்போனவர்களில் திரும்பாதவர்கள் எத்தனையோ பேர். அப்பா அங்கே போய்ச் செத்தார் என்றால், ஊர்ப் பெயரும் அவரோடு போயிற்று. மிஞ்சியது அம்மாவும் சின்னப் பிள்ளைகளும்தான்.

இத்தனைக்கும் தப்பி ஊரோடு தொடர்பு வைத்திருந்த குடும்பங்கள் பல இருந்தன. அவற்றை 1969 பிரித்தது. இந்தக் கதையை நம் பிள்ளைகளுக்கே நாம் சரியாகச் சொன்னதில்லை.

1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்று வந்தது. 1969 மே கலவரத்துக்குப் பிறகு அது கண்டிப்பாக நடப்புக்கு வந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்யப் பெர்மிட் எடுக்கவேண்டும். தோட்டத்தில் பிறந்து, தோட்டத்தில் வெட்டி, குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு அடையாள அட்டையோடு இருந்தவர்கள் ஏராளம். 1957-க்குப் பிறகு குடியுரிமைக்கு எழுதிப்போடாமல் இருந்ததற்குப் பல காரணங்கள். எழுதப் படிக்கத் தெரியாது, பிறந்த பத்திரம் இல்லை, மலாய் மொழித் தேர்வுக்குப் பயம், "எப்படியும் ஊருக்குப் போகத்தானே போகிறோம்" என்ற பழைய நினைப்பு. பெர்மிட் முடிந்தது, புதுப்பிக்கவில்லை, வேலை போயிற்று. வேலை போனால் லயத்து வீடும் போயிற்று. பல்லாயிரம் பேர் மூட்டை கட்டினார்கள்.

அவர்களுடைய கடைசி வாரத்தை நினைத்துப் பாருங்கள். அப்போது பினாங்குப் பாலம் கிடையாது, அது 1985-இல்தான் வந்தது. பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறி, பினாங்கில் ரஜூலா கப்பல் ஏறவேண்டும். ரஜூலா 1926-இல் கட்டிய கப்பல், நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் போகும். அப்பாவிடம் சிவப்பு அட்டை, மகனிடம் குடிமக்களின் நீல அட்டை என்றால் அப்பா கப்பலில், மகன் துறையில். எங்கள் குடும்பத்திலும் பாட்டியின் தங்கை வீட்டார் அப்படித்தான் போனார்கள். சில வருஷம் கடிதம் வந்தது. எழுதிக்கொடுக்கப் பக்கத்தில் ஆள் இருந்தவரை வந்தது. பிறகு நின்றுபோயிற்று. ரஜூலாவுக்குப் பின் ஓடிய எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்ததோடு கப்பல் வழியும் முடிந்தது. விமானச் சீட்டு வாங்கும் வசதி அன்று தோட்டத்து ஆளுக்கு ஏது?

அதற்குப் பிறகு தோட்டங்களும் கைமாறின. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. லயத்தை விட்டுப் பட்டணத்துக்கு மாறியபோது தகரப் பெட்டியில் இருந்த பழைய கடிதங்களைத் தூக்கிப்போட்டவர்கள் நிறைய. இன்று அந்த ஊர்ப் பெயர்கள் எண்பது வயதுக்காரர் சிலர் வாயில்தான் இருக்கின்றன. நான் அவசரப்படுவது அதனால்தான்.

பினாங்கிலிருந்து சென்னைக்கு 2024 டிசம்பரில் நேரடி விமானம் தொடங்கியது. ரஜூலாவில் ஒரு வாரத்துக்குக் கிட்டப் பிடித்த பயணம் ஏறக்குறைய நாலு மணி நேரமாகிவிட்டது. அதில் ஏறப்போகிற பிள்ளையிடம் நான் கேட்பது பெட்டியில் எடை கூட்டாத சாமான். ஒரு தாளில் நாலு வரி.

என்ன கேட்டு எழுதவேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊர்ப் பெயரை ஆயா எப்படி உச்சரிக்கிறாரோ அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், திருத்தவேண்டாம். பக்கத்துச் சந்தை எது, ஆறு எது, ஊருக்குள் எந்த அம்மன், எந்த அய்யனார் என்று கேளுங்கள். குலதெய்வத்தின் பெயர் பல வீடுகளில் ஊர்ப் பெயரை விட நன்றாக நினைவிருக்கும். பழைய கடிதம் ஒன்று மிஞ்சியிருந்தால் உள்ளே இருப்பதைவிட மேலே இருக்கும் தபால் முத்திரை முக்கியம். பழைய மணியார்டர் ரசீதும் உதவும். தாத்தாவின் பெயரோடு பட்டப்பெயரும் வேண்டும். ஊரில் "மலாயாக்காரர் வீடு" என்றே ஒரு வீட்டைச் சொல்வார்கள், அதை விசாரித்தால் பாதி வேலை முடிந்தது.

இன்னொன்று, ஆயா சொல்லும் ஜில்லா இன்று அதே பெயரில் இருக்காது. சேலம் ஜில்லா என்றால் இன்றைய தருமபுரியாகவோ, 1997-இல் பிரிந்த நாமக்கல்லாகவோ, 2004-இல் பிரிந்த கிருஷ்ணகிரியாகவோ இருக்கலாம். வட ஆற்காடு என்றால் வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் எல்லாவற்றிலும் தேடவேண்டும். தென்னாற்காடு இன்று கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி. திருச்சி ஜில்லாவிலிருந்து கரூரும் பெரம்பலூரும் பிரிந்துபோயின. இங்கே இருப்பவர்களுக்கு இது தெரியாது. ஊர்ப்பிள்ளைக்கு இது பள்ளிப்பாடம். நம் ஆட்கள் சிலர் காசு செலவழித்து ஊருக்குப் போய்ச் சேலத்தையே சுற்றிவிட்டு ஏமாந்து திரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைசி வாரத்தில், பழைய கோயில் எச்சங்கள் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கைப் பார்க்க ஆசைப்படும் மாணவர்கள் உண்டு. தாராளமாகப் பாருங்கள். மெர்போக் அருங்காட்சியகத்தில், புக்கிட் பத்து பகாட் கோயிலின் அடித்தளத்தை 1960 வாக்கில் ஆய்வாளர் அலஸ்டர் லாம்ப் மறுபடி எடுத்துக் கட்டியது அப்படியே இருக்கிறது. சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய உலைகள் கிடைத்திருக்கின்றன. பழங்காலக் கெடாவான கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் விகாரம் எழுப்ப ராஜராஜ சோழன் ஆனைமங்கலத்தைக் கொடுத்ததும், 1025-இல் ராஜேந்திரன் படை இங்கே வந்ததும் பெருமையான வரலாறு. 2013-இல் இங்குள்ள பழைய கோயில் தளம் ஒன்றை மேம்பாட்டுக்காரர்கள் இடித்துத் தள்ளியதும் அந்த வரலாற்றோடு சேர்ந்ததுதான். ஆனால் மிஞ்சியிருக்கும் கற்கள் அடுத்த ஆண்டும் இருக்கும். 1946-47-இல் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தொண்டர் படை அமைத்துக் கள்ளுக்கடைக்கு எதிராக நின்றபோது சின்னப் பிள்ளையாக வேடிக்கை பார்த்தவர், அடுத்த ஆண்டு இருப்பார் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது. இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் அவர் வீட்டுக்குப் போங்கள்.

தோட்டத்துக் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை புறப்படுகிறது என்றதும் நாம் சட்டை எடுத்துக் கொடுக்கிறோம், பலகாரம் கட்டிக் கொடுக்கிறோம், கையில் ஐம்பது வெள்ளியைத் திணிக்கிறோம். ஊரைத் தேடிப் பார் என்று மட்டும் கேட்கக் கூச்சப்படுகிறோம். சங்கடம் கொடுக்கிறோமோ என்ற எண்ணம். கேளுங்கள். கேட்கும்போதே நிலம், சொத்து எதுவும் நமக்கு வேண்டாம் என்பதையும் தெளிவாகச் சொல்லி அனுப்புங்கள். மலேசியாவிலிருந்து தேடுகிறார்கள் என்றால் பங்கு கேட்க வருகிறார்கள் என்று ஊரில் சிலர் பயப்படுவார்கள். அந்தப் பயத்தில் தெரிந்ததையே தெரியாது என்று சொன்ன வீடுகள் உண்டு. முதல் வார்த்தையிலேயே அந்தப் பயத்தைப் போக்கிவிட்டால்தான் கதவு திறக்கும்.

மாணவர்களே, முடியாததை வாக்குக் கொடுக்கவேண்டாம். ஊருக்குப் போனதும் தேர்வு, வேலை, கல்யாணப் பேச்சு என்று நூறு இருக்கும். அடுத்த மாதமே கண்டுபிடிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனால், ஆயா இங்கே தினம் பேத்தியின் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆறு மாதத்தில் ஒருநாள் அந்தப் பக்கம் போகும்போது விசாரிக்கிறேன் என்று சொல்லுங்கள். போய் விசாரித்து, அந்தப் பெயரில் ஊரே இல்லை என்று தெரிந்தாலும் அதையும் சொல்லியனுப்புங்கள். ஊர் இருந்து, ஆட்கள் இல்லை என்றால், கோயில் வாசலையும் தெருவையும் படம் எடுத்து அனுப்புங்கள். ஆட்களும் கிடைத்துவிட்டால் வீடியோ அழைப்பு போடுங்கள். மலேசிய நேரம் இந்திய நேரத்துக்கு இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது, அதனால் அங்கே விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன்பே கூப்பிடுங்கள். தோட்டத்து ஆட்கள் சீக்கிரம் படுத்துவிடுவார்கள்.