வண்டிச் சாமான் பெட்டிக்கு ரிமோட் பூட்டு



மண்டியில் மூட்டையை இறக்கிவிட்டு, கணக்குப் பார்த்துத் திரும்பி வருகிறீர்கள். பிக்கப் வண்டியின் இரும்புப் பெட்டி திறந்து கிடக்கிறது. ஸ்பேனர் செட்டைக் காணோம், ஜாக்கியையும் காணோம். பெட்டிக்குப் பூட்டு இல்லாமலா? இருந்தது. ஆனா பத்துத் தடவை எடுத்து வைக்கிற வேலையில், ஒவ்வொரு தடவையும் சாவி போட யாருக்குப் பொறுமை இருக்கு? அந்த அலுப்புக்குத்தான் ரிமோட் பூட்டு. கடப்பாரையோடு வருகிறவனை இது தடுக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கார் கதவுக்குப் போடும் சென்ட்ரல் லாக் செட்டே இதற்குப் போதும். அதில் இரண்டு ஒயர் உள்ள சின்ன மோட்டாரைப் பயன்படுத்துங்கள். 12 வோல்ட் மின்சாரம் ஒரு பக்கமாகப் பாய்ந்தால் கம்பியைத் தள்ளும். மாற்றிப் பாய்ந்தால் இழுக்கும். கம்பி நகருவது சுமார் 2 சென்டிமீட்டர்தான், அதற்குப் பலமும் குறைவு. ஆகையால் தொங்கு பூட்டுப் பெட்டிக்கு இது ஒத்து வராது. உள்ளே தாழ் நகரும் பூட்டு வேண்டும்.

மோட்டாரை மாட்டுமுன் மூடியைச் சாத்தி, அந்தத் தாழை ஒரு விரலால் தள்ளிப் பாருங்கள். இறுகினால் மோட்டாரும் திணறும். பெரும்பாலும் மூடி ரப்பர் அழுத்துவதுதான் காரணம். தாழ் விழும் இடத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். கம்பி கோணாமல் நேராகத் தள்ள வேண்டும். மோட்டாரை மூடியில் வைக்காமல் பெட்டியின் உடம்பிலேயே பொருத்தினால், மூடி திறந்து மூடும்போது ஒயர் மடிந்து அறுந்து போகாது.

வயரிங் வேலைக்கு முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். பாசிட்டிவ் ஒயரில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் இருக்கணும். தகரத் துளையில் ரப்பர் வாஷர் போடாமல் விட்டால், ஆட்டத்தில் ஒயர் தோல் உரிந்து உடம்பில் பட்டுவிடும். ஃப்யூஸும் இல்லையென்றால் தீதான்.

ரிமோட்டின் சமிக்ஞையை வாங்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கேபினுக்குள் வையுங்கள். இரும்புப் பெட்டிக்குள் வைத்தால் சமிக்ஞை சரியாகப் போய்ச் சேராது, தண்ணீரும் இறங்கும். வண்டியில் ஏற்கெனவே சென்ட்ரல் லாக் இருக்கிறதா? கதவு மோட்டாருக்குப் போகும் இரண்டு ஒயரோடு இதையும் இணைத்தால் அதே ரிமோட்டே போதும். கதவு பூட்டும்போது பெட்டி திறந்தால், பெட்டி மோட்டாரின் இரண்டு ஒயரையும் இடம் மாற்றுங்கள், சரியாகிவிடும். வாரண்டி உள்ள வண்டியென்றால், ஒயரில் கை வைக்குமுன் சர்வீஸில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சில ஃபிட்டர்கள், "இனி சாவி எதுக்கு?" என்று சாவிப் பூட்டையே எடுத்துவிடுவார்கள். விடாதீர்கள். கட்டுப்பாட்டுப் பெட்டி எந்நேரமும் கொஞ்சம் மின்சாரம் குடிக்கும். வாரக்கணக்கில் நிறுத்திய வண்டியில் பேட்டரி இறங்கிவிட்டால், ஜம்பர் கேபிள் பெட்டிக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். அந்தக் கேபிள் கேபினில் இருக்கட்டும். வேலை முடிந்ததும் பேட்டரி ஒயரைக் கழற்றச் சொல்லி, சாவியால் பெட்டியைத் திறந்து பாருங்கள். திறந்த பிறகு கூலியைக் கொடுங்கள்.