கைக்குப் பழகிப் போச்சு!



'பழைய காரை வீட்டிலேயே பழுது பார்ப்பது அறிவா, ஆபத்தா?' இதுதானே தலைப்பு? எனக்கு முன்னால பேசின சகோதரி என்ன சொன்னாங்க? "விளக்கை மாத்துங்க, வைப்பரை மாத்துங்க. ஸ்டியரிங்ல மட்டும் கை வைக்காதீங்க, அது உயிர்" அப்படின்னாங்க. நல்லாக் கைதட்டு வாங்கினாங்க. நானும்தான் தட்டினேன். ஏன்னா அது உண்மை. ஆனா உயிருங்கிறதாலதான் வீட்டுல இருக்கிறவங்க பார்க்கணும்னு நான் சொல்றேன்.

வீட்டுல பாட்டிக்கு மூட்டு வலி. வைத்தியம் டாக்டர்தான் பார்க்கணும், சந்தேகமே இல்ல. ஆனா "பாட்டி நடை கொஞ்சம் மாறியிருக்கே"ன்னு முதல்ல கண்டுபிடிக்கிறது யாரு? டாக்டரா? கூட இருக்கிற பேரப்பிள்ளைதானே!

நடுவர் அவர்களே, காருக்கும் மூட்டு இருக்கு. நாம பிடிக்கிற ஸ்டியரிங்குக்கும் ரோட்டுல உருள்ற சக்கரத்துக்கும் நடுவுல ஒரு கம்பி போகுது. அந்தக் கம்பியோட நுனிக்கு டை ராடு எண்டுன்னு பேரு. நம்ம இடுப்பு எலும்பு மாதிரியே ஒரு கிண்ணம், அதுக்குள்ள ஒரு உருண்டை. சுத்தி ஒரு ரப்பர் மூடி. உள்ளே கிரீஸ். அந்த ரப்பர் கிழிஞ்சா என்ன ஆகும்? நம்ம ஊருப் புழுதி உள்ளே போகும், மழைத் தண்ணி போகும், கிரீஸ் வெளியே வரும். கிண்ணத்துக்குள்ள மண்ணும் உருண்டையும் சேர்ந்து அம்மியில அரைக்கிற மாதிரி அரைச்சிக்கிட்டே ஓடும்.

அப்படித் தேய்ஞ்சா வர்றதுக்குப் பேருதான் 'பிளே'. அதாவது ஆட்டம். அது என்னன்னு புரியலையா? ரொம்பச் சுலபம். வீட்டுல நான் ஒண்ணு சொல்றேன். திருப்பறேன், திருப்பறேன்... வீடு திரும்பவே மாட்டேங்குது! அதான் பிளே. (பலத்த சிரிப்பு)

சிரிக்கிறீங்க. ஆனா இதுக்குச் சட்டமே இருக்கு. வீட்டுக்கு இல்ல, காருக்கு! (சிரிப்பு) 1989ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகள், 98ஆவது விதி. ஸ்டியரிங்ல ஆட்டம் 30 டிகிரிக்கு மேல போகக் கூடாது, மூட்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்கணும், போல்ட்டும் பின்னும் கழண்டு வராதபடி பூட்டியிருக்கணும். மூணே விஷயம். 30 டிகிரின்னா என்ன? கடிகாரத்துல 12க்கும் 1க்கும் நடுவுல இருக்கிற இடைவெளி. அது கடைசி எல்லை. அது வரைக்கும் காத்திருக்கணும்னு அர்த்தம் இல்ல.

நம்ம திண்டுக்கல்காரங்களுக்கு இதை நான் சொல்லித்தரணுமா? பூட்டு செஞ்ச ஊராச்சே! 2019ல திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது. எதனால? கையால அராவி, லீவரும் சாவியும் பொருந்தற அந்த நுணுக்கம்தானே? மாங்காய்ப் பூட்டு செய்யற ஆசாரிகிட்டப் போய், "சாவி உள்ளே கொஞ்சம் ஆடுது, பரவாயில்லையா அண்ணே?"ன்னு கேளுங்க. "அப்ப அது பூட்டு இல்ல தம்பி, பொம்மை"ம்பாரு. வீட்டுக் கதவுல ஆட்டம் ஆகாதுன்னா, வீடே உட்கார்ந்து போற வண்டியில ஆகுமா? (கைதட்டல்)

எங்க தெருவுல ஒரு அண்ணன். பழைய அம்பாசிடர் வச்சிருக்காரு. மேற்கு வங்கத்துல உத்தரபாராவுல தயாரான வண்டி. 2014லயே உற்பத்தி நின்னு போச்சு. ஆனா அவருக்கு அது கார் இல்லீங்க, மூத்த பிள்ளை. ஒரு நாள் குடும்பத்தோட சிறுமலைக்குக் கிளம்பறாரு. பதினெட்டு கொண்டை ஊசி வளைவு! பிளஸ் டூ படிக்கிற மகள் வாசல்ல நிக்குது. "அப்பா, நீங்க ஸ்டியரிங்கைத் திருப்பறீங்க, சக்கரம் சும்மாவே நிக்குதுப்பா"ங்குது.

அவருக்குக் கோபம். "ஏம்மா, இருபது வருஷமா ஓட்டறேன், எனக்குத் தெரியாதா?"

அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு தெரியுமா? "நீங்க உள்ளே உட்கார்ந்து ஓட்டறீங்கப்பா. நான் வெளியே நின்னு பாக்கறேன்."

நடுவர் அவர்களே, இந்த ஒரு வரிக்காகத்தான் நான் இன்னிக்குப் பேச வந்தேன். தேய்மானம் ஒரே நாள்ல வர்றதில்லை. ஒரு மயிரிழை, அப்புறம் இன்னொரு மயிரிழை. ஓட்டறவர் கை அதுக்குப் பழகிடுது. வேடசந்தூர் ரோட்டுல நேராத்தான் போறாரு, ஆனா கை மட்டும் மோர் கடையற மாதிரி இப்படியும் அப்படியும் ஆடிக்கிட்டே இருக்கு. கேட்டா, "பழைய வண்டின்னா அப்படித்தான்"னு ஒரு பதில். அப்படித்தான் இல்லீங்க! பழகிப் போன கைக்குத் தெரியாது. பழகாத கண்ணுக்குத்தான் தெரியும்.

அண்ணன் அன்னிக்கு மலைக்குப் போகலை. இன்ஜினை நிறுத்தினாரு. மகளை உட்கார வச்சு ஸ்டியரிங்கை லேசா இப்படி அப்படி அசைக்கச் சொன்னாரு. இவர் குனிஞ்சு பார்த்தாரு. கம்பி அசையுது, சக்கரம் அசையலை. ரப்பர் கிழிஞ்சு தொங்குது. கண்டுபிடிச்சாச்சு. செலவு எவ்வளவு? ஒரு பைசா கிடையாது!

எதிரணி நண்பர்களே, இப்ப நீங்க கேட்பீங்க, "கண்டுபிடிச்சது சரி, மாத்தறது?" முறை தெரிஞ்சவர் மாத்தலாம். முறை என்ன? சமதளத்துல நிறுத்தி, கைபிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்கணும். ஜாக்கியை நம்பி அடியில போகவே கூடாது. உறுதியான ஸ்டாண்டு வேணும். செங்கல், ஹாலோ பிளாக் எல்லாம் சுவர் கட்டறதுக்கு, உயிரை அடகு வைக்க இல்ல. பழைய மூட்டைக் கழட்டும்போது எத்தனை சுத்துல வந்ததுன்னு எண்ணி எழுதி வைக்கணும். புதுசை அதே எண்ணிக்கையில ஏத்தணும். இல்லேன்னா சக்கரம் ரெண்டும் மாமியார் மருமகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் பார்க்கும். (சிரிப்பு) நட்டை முழுசா முறுக்கி, ஸ்பிளிட் பின் புதுசாப் போடணும். பழைய பின்னை நிமிர்த்தி மறுபடி போடாதீங்க. மடக்கி நிமிர்த்தின கம்பி எப்ப ஒடியும்னு யாருக்கும் தெரியாது. பெரிய தேருக்குச் சின்ன அச்சாணிதான் ஆதாரம்னு வள்ளுவர் காட்டினாரே, அந்த அச்சாணி இந்தக் காருல நாலு அணா கம்பி!

எல்லாம் முடிஞ்சும் நேரா மலைக்குக் கிளம்பக் கூடாது. தெருவுல மெதுவா ஓட்டிப் பார்த்து, கடைக்குப் போய் வீல் அலைன்மென்ட் பார்க்கணும். கை நடுங்குறவங்க, கருவி இல்லாதவங்க, தெரிஞ்ச மெக்கானிக்கைக் கூப்பிடுங்க. அதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணும் இல்ல.

ஒரு விஷயத்துல நான் எதிரணியோடதான் நிக்கறேன். ஒப்பேத்தக் கூடாது! தேய்ஞ்ச மூட்டைச் சுத்தியலால தட்டி இறுக்கறது, வெல்டிங் வைக்கறது, "பழனி வரைக்கும் போயிட்டு வந்து பார்த்துக்கலாம்"கிறது... இதெல்லாம் சிக்கனம் இல்லீங்க, கடன். அந்தக் கடனை வசூல் பண்றது பாங்க்காரர் இல்ல, வளைவு! (கைதட்டல்)

தாய்மார்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. இது ஆம்பளைங்க சமாச்சாரம்னு ஒதுங்காதீங்க. சாதம் வெந்ததான்னு ஒரு பருக்கையைத் தொட்டுப் பார்த்துச் சொல்ற விரலுக்கு, ஒரு கம்பி ஆடுறது தெரியாதா? மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, பத்து நிமிஷம். ஒருத்தர் அசைக்கணும், ஒருத்தர் பார்க்கணும். பிள்ளைங்களையும் கூட்டிக்குங்க. நம்ம வண்டியில என்ன ஓடுதுன்னு தெரிஞ்ச பிள்ளை, நாளைக்கு வேகத்தைக் குறைச்சு ஓட்டும்.

ஆகவே நடுவர் அவர்களே, வீட்டுல பழுது பார்க்கிறதுன்னா ஸ்பேனர் பிடிக்கிறது மட்டும் இல்ல. பழுது இருக்குன்னு பார்க்கிறது, அதை ஒத்துக்கிறது, தேய்ஞ்சதைத் தேய்ஞ்சதுன்னு சொல்லி மாத்தறது. அது ஆபத்து இல்லீங்க. பார்க்காம ஓட்டறதுதான் ஆபத்து. அதனால அறிவே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன்.

(பலத்த கைதட்டல்)