புதியதைக் கொடுத்துப் பழையதை வாங்கலாமா?

பழையதைக் கொடுத்துவிட்டு, மேலும் சிறிது பணம் சேர்த்துப் புதியதை வாங்குவது உலக வழக்கு. ஈயம் போன பாத்திரமாயினும் ஓடித் தேய்ந்த சைக்கிளாயினும் இவ்வழக்கே நடைபெறுகின்றது. இதற்கு நேர்மாறாக, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் புதிய வண்டியைக் கொடுத்துவிட்டு, அதற்கு மேலும் பணம் கொடுத்து, பதினான்கு ஆண்டு மூத்த வண்டி ஒன்றை வாங்கலாமா என்று இரவில் உறக்கமின்றிப் புரளும் மனிதர்களும் உலகில் உளர். இவர்களைப் பித்தர் என்று தள்ளிவிடுதல் எளிது. ஆனால் அவர்களுடைய கணக்கை ஒருமுறை கேட்டுப் பார்த்தால், அதிலே நியாயம் இல்லாமலும் இல்லை என்பது நேயர்களுக்கு விளங்கும்.

ஜேர்மனியின் தென்பகுதியில், ஸ்டுட்கார்ட் நகரத்தை அடுத்து வாழும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளலாம். வயது ஐம்பத்தைந்து, தொழிலால் பொறியியலாளர். அவரிடம் இருப்பது 2001ஆம் ஆண்டில் செய்யப்பட்ட போர்ஷே 911 விளையாட்டுக் கார். அவர் ஆசைப்படுவதும் போர்ஷே 911 தான். ஆனால் அது 1987ஆம் ஆண்டில் செய்யப்பட்டது. பெயர் ஒன்று, ஊர் ஒன்று, தூரத்திலிருந்து பார்த்தால் வடிவமும் ஏறக்குறைய ஒன்று. எனினும் இரண்டிற்கும் நடுவே ஒரு பெரும் பிளவு இருக்கின்றது. பழையது காற்றினால் குளிர்விக்கப்படும் இயந்திரத்தை உடையது. புதியது நீரினால் குளிர்விக்கப்படுவது.

இந்தக் காரின் வரலாற்றைச் சிறிது அறிந்துகொண்டாலன்றி அம்மனிதரின் மயக்கம் புரியாது. 1963ஆம் ஆண்டு பிராங்பேர்ட் நகரில் நடந்த மோட்டார்க் கண்காட்சியில் 901 என்ற எண்ணோடு இது முதன்முதலில் மக்கள் முன் வைக்கப்பட்டது. நடுவில் சுழியம் அமைந்த மூன்றிலக்க எண்களைக் காருக்குப் பெயராக இடும் உரிமை பிரான்சில் தமக்கே உரியது எனப் பேஜோ நிறுவனத்தார் தடை கூறவே, 901 என்பது 911 ஆயிற்று. உலகப் புகழ் பெற்ற பெயர் ஒன்று இப்படி ஓர் அலுவலகக் கடிதத்தினால் பிறந்தது வேடிக்கையே. ஆறு உருளைகள் கொண்ட அதன் இயந்திரம் பின் அச்சுக்கும் பின்னால், வாலிலே அமைந்திருந்தது. ஒவ்வோர் உருளையையும் சுற்றி மெல்லிய உலோகத் தகடுகள் வரி வரியாய் நிற்கும். பெரிய விசிறி ஒன்று அவற்றின்மீது காற்றைச் செலுத்தும். வெப்பத்தில் ஒரு பகுதியை எண்ணெய் எடுத்துச் செல்லும். நீர்த்தொட்டியில்லை, நீர்க்குழாயில்லை, குளிர்காலத்தில் நீர் உறைந்துவிடுமே என்ற கவலையும் இல்லை.

இந்த முறை 1998ஆம் ஆண்டு மார்ச் மாதம் வரை நீடித்தது. அதற்கு முந்திய ஆண்டிலேயே நீரினால் குளிர்விக்கப்படும் புதிய 911 வெளிவந்துவிட்டது. இம்மாற்றம் வீம்புக்காகச் செய்யப்பட்டதன்று. புகைபற்றியும் ஓசைபற்றியும் அரசாங்கங்கள் இயற்றிய விதிகள் ஆண்டுக்கு ஆண்டு இறுகி வந்தன. உருளை ஒன்றுக்கு நான்கு வால்வுகள் வைத்து அதிக வலுவைப் பெறவேண்டுமாயின், அங்கே எழும் வெப்பத்தை நீரைப்போல வேறெதுவும் சீராக அகற்றாது. மேலும் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் போர்ஷே நிறுவனம் பெரும் பண நெருக்கடியில் இருந்தது. செலவைக் குறைக்கும் பொருட்டுப் புதிய 911இன் முன்பகுதி பலவும், அதனினும் மலிவான பொக்ஸ்டர் என்னும் காரோடு பொதுவாக்கப்பட்டன. வட்டமாய் விழித்திருந்த முன்விளக்குகள் போய், பக்க விளக்கும் சேர்ந்து உருகி ஒழுகியதுபோன்ற விளக்குகள் வந்தன. பொரித்த முட்டை என்று அவற்றைப் பரிகசித்தார்கள். அந்தப் பரிகாசம் இன்றுவரை அக்காரை விட்டு நீங்கவில்லை. நிறுவனத்தைக் காப்பாற்றிய கார்களுள் ஒன்று அதுவே என்பதை நினைத்தால், பிள்ளைக்கு நேர்ந்த அநீதி இது என்று தோன்றும்.

நம் பொறியியலாளர் இரண்டையும் காகிதத்தில் எழுதி ஒப்பிட்டார். அவர் தொழில் அப்படிப்பட்டது. புதியதற்கு 300 குதிரைவலு; பழையதற்கு 231. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தை எட்டப் புதியதற்கு ஐந்தேகால் செக்கன் அளவு போதும்; பழையதற்கு ஆறு செக்கனுக்குச் சற்று மேல் வேண்டும். புதியதில் மோதலின்போது விரியும் காற்றுப்பைகள் உண்டு. சக்கரம் பூட்டிக்கொள்ளாதபடி தடுக்கும் பிறேக் உண்டு. சுக்கானைத் திருப்பக் கைக்கு உதவும் விசை உண்டு. பழையதில் இவற்றுள் ஒன்றுமில்லை. காகிதத்தின் ஒரு பக்கம் நிரம்பி வழிந்தது. மறுபக்கத்தில் அவர் எழுத முடிந்தவை இரண்டே: பழையது இலேசானது, ஏறக்குறைய அரைச் சாண் அளவுக்கு அகலத்திற் சிறியது.

ஆனால் ஒரு சனிக்கிழமை அவர் அந்தப் பழைய காரில் ஏறி அமர்ந்திருந்தார். கதவு மூடும்போது எழுந்த ஓசை இரும்புப் பெட்டகத்தின் ஓசை. கண்ணாடி நிமிர்ந்து முகத்திற்கு அண்மையில் நின்றது. ஐந்து வட்டக் கருவிகள் ஒரே வரிசையில் அவரைப் பார்த்தன. மிதிகள் மேலிருந்து தொங்காமல் தரையிலிருந்து முளைத்திருந்தன. சாவித் துவாரம் சுக்கானுக்கு இடப்பக்கத்தில் இருந்தது. அவருடைய புதிய காரிலும் அது அங்கேதான் இருந்தது என்பது அப்பொழுதுதான் அவர் நினைவுக்கு வந்தது. இயந்திரம் முழங்கியபோது அதற்கும் காதுக்கும் இடையில் நீர்ச்சுவர் ஒன்றும் இல்லை. வீதியின் ஒவ்வொரு மேடுபள்ளமும் சுக்கானின் வழியே உள்ளங்கைக்கு வந்து பேசிற்று. காகிதத்தின் மறுபக்கத்தில் எழுத முடியாதது இதுதான். விரைவு என்பது வேறு, விரைவை உணர்தல் என்பது வேறு. புதிய கார் மணிக்கு 150 கிலோமீற்றரில் தரும் கிளர்ச்சியைப் பழையது எண்பதிலேயே தந்துவிடுகின்றது.

இவ்விடத்தில் அந்த நிறுவனத்தின் வரலாற்றில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லாமற் போவதற்கில்லை. நம் பொறியியலாளரின் கேள்வி ஒருகாலத்தில் போர்ஷே நிறுவனத்தையே வாட்டியது. 1977ஆம் ஆண்டு அவர்கள் 928 என்னும் புதிய காரை வெளியிட்டார்கள். இயந்திரம் முன்னால், எட்டு உருளைகள், நீர்க்குளிர்வு. எல்லா வகையிலும் நவீனம். 1978ஆம் ஆண்டின் சிறந்த ஐரோப்பியக் கார் என்ற பரிசையும் அது பெற்றது. பழைய 911ஐ மெல்ல மெல்ல நிறுத்திவிட்டு, அதன் அரியணையில் 928ஐ அமர்த்துவதே அவர்களின் எண்ணம். 1981ஆம் ஆண்டு தொடக்கத்தில் பீற்றர் ஷூற்ஸ் என்பவர் நிறுவனத்தின் தலைவராக வந்தார். பேர்லினிற் பிறந்து, சிறுவயதிலேயே அமெரிக்காவுக்குச் சென்று வளர்ந்தவர் இவர். தலைமைப் பொறியியலாளரின் அறையில், எந்தக் கார் எந்த ஆண்டு வரை செய்யப்படும் என்பதைக் கோடுகளாற் காட்டும் அட்டவணை ஒன்று தொங்கிற்று. 911இன் கோடு அந்த ஆண்டோடு முடிந்திருந்தது. ஷூற்ஸ் எழுதுகோலை எடுத்து, அந்தக் கோட்டை அட்டவணையின் விளிம்பு வரை நீட்டி, அப்பாலும் சுவரின்மீது இழுத்துக்கொண்டு கதவு வரை போனாராம். பின்னாளில் அவரே சொல்லி மகிழ்ந்த கதை இது. 928 இன்று இல்லை. 1995ஆம் ஆண்டோடு அதன் உற்பத்தி நின்றுவிட்டது. நம் நண்பர் ஆசைப்பட்ட 1987ஆம் ஆண்டுக் கார், அந்தச் சுவரிற் கிழித்த கோட்டின் பயனாய்ப் பிறந்த கார்களுள் ஒன்று.

இனிப் பணத்தைப் பற்றிப் பேசவேண்டும். காற்றுக்குளிர்வுக் கார்கள் இனிப் பிறக்கமாட்டா என்பது உறுதியானபின், அவற்றின் விலை ஏறத் தொடங்கிற்று. 2010ஆம் ஆண்டுக்குப் பின் மிக ஏறிற்று. முதல் நீர்க்குளிர்வு 911களோ நெடுங்காலம் அவ்வினத்திலேயே மலிவானவையாய்க் கிடந்தன. ஆகவே நம் நண்பர் தம் காரைக் கொடுத்தாலும் பழைய காரின் விலையிற் பாதியளவைத்தான் எட்டமுடியும். மீதியைச் சேமிப்பிலிருந்து எடுக்கவேண்டும். அவர் மனைவி இதைக் கேட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, மகளின் படிப்புச் செலவைப் பற்றிக் கேட்டார்.

அவரும் விட்டபாடில்லை. ஜேர்மனியில் முப்பது ஆண்டு கடந்து, பழமை குலையாமற் பேணப்பட்ட கார்களுக்கு எண்தகட்டின் ஈற்றில் ஒரு தனி எழுத்துக் கொடுக்கிறார்கள். 1997ஆம் ஆண்டு வந்த ஏற்பாடு அது. அவ்வகைக் காருக்கு இயந்திரத்தின் அளவு எதுவாயினும் ஆண்டு வரி 191 யூரோ 73 சதம் மட்டுமே. புகைக் கட்டுப்பாடுள்ள நகரப் பகுதிகளுக்குள்ளும் அது தடையின்றிப் போகலாம். இதையெல்லாம் அவர் எடுத்துச் சொன்னார். அத்துடன் தம் புதிய காரின் குறையையும் சொன்னார். அதன் இயந்திரத்தினுள்ளே இடைத்தண்டு ஒன்று சுழல்கின்றது. அதன் ஒரு முனையைத் தாங்கும் குண்டுத்தாங்கி, முக்கியமாக 2000ஆம் ஆண்டளவிலிருந்து 2005 வரை செய்யப்பட்ட கார்களில், சிலவேளை முன்னறிவிப்பின்றிச் சிதைந்துவிடும். சிதைந்தால் வால்வுகளின் ஒழுங்கு குலைந்து இயந்திரம் முழுவதுமே பாழ். எல்லாக் கார்களிலும் இது நேர்வதில்லை, பெரும்பாலானவற்றில் நேர்வதேயில்லை. ஆனாலும் இரவில் நெடுஞ்சாலையில் தனியே போகும்போது அந்தச் சிறு தாங்கியின் நினைவு வராத சொந்தக்காரர் அரிது.

பழைய காரில் மாத்திரம் குறையில்லையா? உண்டு. முன்னே இருந்த கார்களில் தொல்லை கொடுத்த சங்கிலி இறுக்கிகளை 1984ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து திருத்திவிட்டார்களெனினும், வால்வு வழிகாட்டிகள் தேயும், எண்ணெய் கசியும். உடலுக்கு நாகப்பூச்சு உண்டெனினும், மோதித் திருத்திய இடங்களில் துரு உள்ளிருந்தே அரிக்கும். வண்டிக்குள் வெப்பமூட்டும் காற்று புகைக்குழாயைச் சுற்றி வருவதால், எங்கேனும் எண்ணெய் ஒழுகினால் அதன் நாற்றமும் கூடவே உள்ளே வரும். இயந்திரத்திற்குப் பத்து லீற்றருக்கும் மேல் எண்ணெய் வேண்டும். அதன் அளவைப் பார்ப்பதற்கும் முறையுண்டு. இயந்திரம் சூடேறி, சமதரையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்கவேண்டும். அணைத்துவிட்டுப் பார்த்துக் குறைவென்று எண்ணி ஊற்றியவர்கள் பலர் வருந்தியிருக்கிறார்கள்.

காரை விற்பவர் ஒரு முதிய திருத்துநர். இவ்வகைக் கார்களோடு நாற்பது ஆண்டு பழகியவர். காரை ஓட்டிப் பார்க்கும்படி சாவியைக் கொடுத்து, தாமும் பக்கத்தில் அமர்ந்தார். அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. சுவாபிய மலைப்பக்கம் ஏறும் பாதையில் நீண்ட வளைவு ஒன்று வந்தது. வேகம் சற்று அதிகமோ என்று தோன்றவே, நம் நண்பர் புதிய காரில் செய்வதுபோல வளைவின் நடுவே காலைச் சட்டென்று எடுத்தார். எடுத்த கணமே காரின் வால் வெளிப்புறமாக அசைந்தது. பாரம் முன்னே சாயப் பின்ரயர்களின் பிடி தளர்கின்றது. அவற்றுக்கும் பின்னால் இருக்கும் இயந்திரமோ ஊசல்குண்டுபோல வெளியே இழுக்கின்றது. அதனால் வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்துக்கொண்டு, வளைவுக்குள் மெல்ல விசை கொடுத்துச் செல்லவேண்டும் என்பது இக்காரின் இலக்கணம். புதியதிலும் இயந்திரம் பின்னால்தான். ஆனால் சட்டமும் தாங்கமைப்பும் ரயரும் அந்தப் பிழையைப் பெரும்பாலும் மன்னித்துவிடும். பழையது அன்று மன்னித்தது, வேகம் அவ்வளவு பெரிதல்லாமையால்.

திரும்பி வந்ததும் திருத்துநர் கேட்டார்: "ஆண்டுக்கு எத்தனை கிலோமீற்றர் ஓட்டுகிறீர்கள்?"

"பதினையாயிரம் இருக்கும்."

"மாரியிலுமா?"

"ஆம். என் தாயார் மலைப்பக்கத்து ஊரில் தனியே இருக்கிறார். ஞாயிறுதோறும் போகவேண்டும். மகளும் சிலவேளை வருவாள். இப்பொழுதுதான் ஓட்டப் பழகுகிறாள்."

"வீட்டில் வேறு கார் உண்டா?"

"இல்லை."

திருத்துநர் சாவியை வாங்கி மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டார். வேறொரு கார் வீட்டிலிருந்து, கோடையில் மட்டும் மூவாயிரம் நாலாயிரம் கிலோமீற்றர் ஓட்டுபவராயிருந்தால், அன்றே அவர் விலை பேசியிருப்பார் என்பதில் ஐயமில்லை. அப்படிப்பட்டவருக்கு அந்த மாற்று நல்ல மாற்றாகவும் இருந்திருக்கும். நம் நண்பர் சிறிது நேரம் அந்தக் காரைச் சுற்றி நடந்தார். மழைத்துளிகள் அதன் வட்ட விளக்குகளில் வழிந்துகொண்டிருந்தன. பிறகு உள்ளே வந்து, தம் காரின் கிளச்சைக் கழற்றி, அந்தக் குண்டுத்தாங்கியையும் மாற்றித்தர என்ன செலவாகும், எத்தனை நாட் பிடிக்கும் என்று விசாரித்தார். திருத்துநர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கணக்குப் போடலானார்.