அவர் ஏன் ராஜினாமா செய்தார்?
(கிளப் ஹவுஸ் ஞாயிறு மாலைச் சந்திப்பில் பேசியது)

போன மாதம் இங்கே பேசிய டாக்டர் முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார். எல்லோருக்கும் பயன்பட்டது. நான் பேசப்போவது யாருக்கும் பயன்படாத விஷயம், முன்பே சொல்லிவிடுகிறேன்.

‘தி பிரிஸனர்’ என்று ஒரு பழைய ஆங்கில டிவி தொடர். பிரிட்டனில் 1967 செப்டம்பரில் தொடங்கி 1968 பிப்ரவரியில் முடிந்தது. மொத்தமே 17 பாகம். என் மகள் டிவிடி வாங்கித் தந்தாள். இரண்டு முறை பார்த்துவிட்டேன். வீட்டில் மூன்றாவது முறைக்கு அனுமதி இல்லை.

கதை இதுதான். ஓர் உளவாளி மேலதிகாரியின் மேஜையில் ராஜினாமாக் கடிதத்தை வீசிவிட்டு வீட்டுக்கு வருகிறார். பெட்டி கட்டும்போது சாவித் துவாரம் வழியாகப் புகை வருகிறது, மயங்கிவிடுகிறார். விழித்துப் பார்த்தால் ‘கிராமம்’ என்ற ஓர் இடம். வண்ண வண்ண வீடுகள், பூந்தோட்டம், பேண்டு வாத்தியம். பராமரிப்பு நம் வளாகத்தைவிட நன்றாகவே இருக்கும். வேல்ஸ் நாட்டில் போர்ட்மெய்ரியன் என்ற இடத்தில் எடுத்தார்கள். தப்பி ஓடினால் ஒரு பெரிய வெள்ளை பலூன் துரத்தி வரும். சிரிக்காதீர்கள், பார்த்தால் பயமாகத்தான் இருக்கிறது. அங்கே யாருக்கும் பெயர் கிடையாது, நம்பர்தான். நம் ஆள் நம்பர் சிக்ஸ். அவரை விசாரிப்பவர் நம்பர் டூ. அந்த நாற்காலியில் ஆள் மாறிக்கொண்டே இருப்பார், கேள்வி மட்டும் மாறாது: ஏன் ராஜினாமா செய்தாய்?

தொடர் முடிந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் ரசிகர்கள் விடவில்லை. இந்த நம்பர் சிக்ஸ் யார் என்பதுதான் அவர்களுடைய முதல் வழக்கு. நடித்த பாட்ரிக் மெக்கூஹன் அதற்கு முன் ‘டேஞ்சர் மேன்’ தொடரில் ஜான் டிரேக் என்ற உளவாளியாக நடித்தவர். அதே ஆள்தான் இவர் என்கிறது ஒரு கட்சி. சாட்சியும் வைத்திருக்கிறார்கள். டேஞ்சர் மேனில் பாட்டர் என்ற பாத்திரமாக வந்த கிறிஸ்டோபர் பெஞ்சமின், இதிலும் ஒரு பாகத்தில் பாட்டராகவே வருகிறார். கதைப் பொறுப்பாளர் ஜார்ஜ் மார்க்ஸ்டீன் ‘ஆமாம், டிரேக்தான்’ என்றார். மெக்கூஹன் கடைசிவரை ‘இல்லை’ என்றார். டிரேக் என்று பெயர் வைத்தால் அந்தப் பாத்திரத்தை உருவாக்கியவருக்குப் பணம் தரவேண்டியிருக்கும், அதனால்தான் மறைத்தார்கள் என்று ஒரு பேச்சும் உண்டு. கணக்குப் படித்தவனுக்கு அது பிடிக்கும். ஆனால் கவுண்டரில் உட்கார்ந்தவனாகச் சொல்கிறேன்: கையெழுத்து ஒத்துப்போனாலும், கணக்கு வைத்திருப்பவரே ‘இது என் கணக்கு இல்லை’ என்றால் பணம் கொடுக்க முடியாது.

இன்னொன்று கமா வழக்கு. பெரும்பாலான பாகங்களின் தொடக்கத்தில் அவர் ‘யார் நம்பர் ஒன்?’ என்று கேட்பார். ‘நீதான் நம்பர் சிக்ஸ்’ என்று பதில் வரும். பேச்சை மாற்றுகிறார்கள் என்று நினைப்போம். ‘நீதான்’ என்பதற்குப் பிறகு ஒரு கமா போட்டுப் படியுங்கள். ‘நீதான், நம்பர் சிக்ஸ்!’ பதிலே வந்துவிட்டது! கடைசிப் பாகத்தில் நம்பர் ஒன்னின் முகமூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு குரங்கு முகமூடி. அதையும் கழற்றினால் இவருடைய முகமே. அதனால் சிலர், அந்தக் கிராமத்துக்குத் திட்டம் போட்டுக் கொடுத்ததே இவர்தான், அதன் குற்ற உணர்ச்சியில்தான் வேலையை விட்டார் என்கிறார்கள். இது கெட்டிக்காரத்தனமாகத்தான் இருக்கிறது.

எனக்கு வேறொன்று உறுத்துகிறது. அவர் காரணத்தைச் சொல்லவே இல்லை என்று எல்லோரும் பேசுகிறார்கள். சொல்கிறார். ஒரு பாகத்தில் ‘மனசாட்சி’ என்கிறார். கடைசிக்கு முந்தைய பாகத்தில் ‘மன நிம்மதிக்காக’ என்கிறார். விசாரிப்பவர்கள் நம்பவில்லை. பார்த்த நாமும் நம்பவில்லை. உள்ளே இன்னும் பெரிதாக ஏதோ இருக்கவேண்டும் என்று தோண்டிக்கொண்டே இருக்கிறோம்.

நான் 2001-ல் வி.ஆர்.எஸ். வாங்கினேன், 44 வயதில். ஏன் என்று எல்லோரும் கேட்டார்கள். ‘அலுத்துப்போச்சு, வீட்டில் இருக்கணும்’ என்றேன். அதுதான் காரணம், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. மச்சானோடு பிசினஸ் செய்யப்போகிறான் என்றார்கள். வெளிநாட்டு விசா என்றார்கள். எனக்குச் சிரிப்பாக இருந்தது. அப்பா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் நம்பிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் காலமான பிறகு, என் பழைய மேனேஜரை ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். நான் வேலையை விட்ட வாரமே அப்பா பஸ் பிடித்துக் கிளைக்குப் போயிருக்கிறார். வரிசையில் டோக்கன் வாங்கிக் காத்திருந்து, உள்ளே போய், ‘என் பையன் கேஷில் ஏதாவது கை வைத்துவிட்டானா, எவ்வளவு என்று சொல்லுங்கள், நான் கட்டிவிடுகிறேன்’ என்று கேட்டாராம். மேனேஜர் இல்லை என்று சொல்லியும் இரண்டு தடவை கேட்டாராம். அப்பா இருந்தவரை இதை என்னிடம் சொல்லவில்லை. வீட்டை விற்றுக்கூடக் கட்டியிருப்பார். என்னை எவ்வளவு நேசித்தார் என்று நினைப்பதா, ஆறு வருடம் என்னை அப்படி நினைத்துக்கொண்டே என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாரே என்று நினைப்பதா, இன்றுவரை தெரியவில்லை.

வரும் ஞாயிறு மாலை 5 மணிக்கு இதே ஹாலில் முதல் பாகம் போடுகிறோம். சுமார் ஐம்பது நிமிடம். ஆங்கிலம் புரியாதவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்கிறேன். இப்போது கேள்விகள் இருந்தால் கேளுங்கள். பலூனைப் பற்றிக்கூடக் கேட்கலாம். வி.ஆர்.எஸ். பற்றி மட்டும் வேண்டாம்.