தழும்பும் கடல்நீரும்



பிறக்கும் குழந்தைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்று இதயக் குறையோடு பிறக்கிறது. 1944ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், நீலம் பாரித்த ஒரு பெண் குழந்தைக்கு இரத்தக் குழாயை மாற்றி இணைக்கும் அறுவை முதன்முதலாக நிகழ்ந்தது. அக்குழந்தை நெடுநாள் வாழவில்லை. ஆயினும் அவ்வழியே உயிர் பிழைத்த பிள்ளைகள் பலர். அவர்கள் பள்ளிக்கும் சென்றனர். "ஓடாதே, குதிக்காதே" என்னும் சொல்லும் உடன் சென்றது.

கலிபோர்னியாக் கரைக்கு அப்பால் கேட்டலினா என்றொரு தீவு உண்டு. ஒரு செவிலியரும் ஓர் இதய மருத்துவரும் 1995இல் தொடங்கிய 'காம்ப் டெல் கொராசோன்' என்னும் கோடை முகாம் அங்கே கட்டணமின்றி நடைபெறுகிறது. கொராசோன் என்பது இதயத்தைக் குறிக்கும் ஸ்பானியச் சொல். இத்தகைய முகாம்களில் மருத்துவர் உடன் தங்குவர். மருந்து வேளை தவறாது. மூச்சு வாங்கிக் குந்தி அமரும் பிள்ளையை எவரும் வியந்து நோக்கார்.

நீந்துவதற்குச் சட்டையைக் கழற்றுவதே அங்குப் பெரிய செய்தி. மார்பின் நடுவே நெடுகக் கிடக்கும் தழும்பைப் பள்ளியில் மறைத்தே பழகிய பிள்ளை, அருகில் நிற்போர் மார்பிலும் அதனையே காண்கிறது. யாருடையது நீளம் என்று அளந்து பார்க்கவும் துணிகிறது. பெற்றோர் கூறும் ஆறுதல் இதற்கு ஈடாகுமா என்பது ஐயமே.

அப்பெற்றோர் பாடுதான் கடினம். உறங்கும் பிள்ளையின் மூச்சை ஆண்டுக்கணக்கில் எண்ணியவர்கள், கையசைத்துவிட்டு வெறுங்கையராய் வீடு திரும்ப வேண்டும். கடலுக்கு அப்பால் அதே பிள்ளை அன்றிரவு, தாய் எண்ணாமலே, மூச்சுவிட்டு உறங்குகிறது.